ஹவுலின் கோட்டை: நாவல் முதலிலா, படம் முதலிலா?

மதுரையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். சென்ற கோடை விடுமுறைக்கு ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ கதையை எடுக்கலாம் என்று முடிவானதும் பெற்றோர்களிடையே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. படத்தை முதலில் காட்டுங்கள், ஆசை வந்தால் தானாகவே புத்தகத்தை எடுப்பார்கள் என்றது ஒரு கட்சி. படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் யார் புத்தகத்தைத் தொடப் போகிறார்கள் என்றது இன்னொன்று. சரி, இரண்டையும் செய்து பார்த்துவிடுவோம் என்று காலையில் வருகிற பிள்ளைகளுக்கு நாவலை முதலில் கொடுத்தோம், மாலையில் வருகிறவர்களுக்குப் படத்தை முதலில் காட்டினோம்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தால், என் பதில் இது: பத்து பதினோரு வயதைத் தாண்டிய, ஆங்கிலம் ஓரளவு ஓடுகிற பிள்ளை என்றால் நாவல்தான் முதலில். அதற்குக் கீழே என்றால் படம். பெரியவர்கள் தங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் நாவலைத்தான் சொல்வேன். படம் குறைந்தது என்பதால் இல்லை. படமும் நாவலும் ஒரே கதை இல்லை. இரண்டிலும் சோஃபி என்று ஒரு பெண் வருகிறாள், ஆனால் இரண்டு சோஃபியும் வேறு வேறு ஆட்கள். நாவலின் சோஃபியை முதலில் சந்தித்த பிள்ளை படத்தின் சோஃபியையும் ஏற்றுக்கொள்கிறது. படத்தின் சோஃபியை முதலில் பார்த்த பிள்ளைக்கு நாவலின் சோஃபி கண்ணில் படவே நாளாகிறது. இதை விளக்க முடிவு வரை கதையைச் சொல்லியாக வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாவலை எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ், பிரிட்டனைச் சேர்ந்தவர். 1986இல் வெளிவந்தது. படம் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ தயாரித்தது, இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. 2004 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, நவம்பரில் ஜப்பான் தியேட்டர்களுக்கு வந்தது. 119 நிமிடம் ஓடும். ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது.

இரண்டுக்கும் பொதுவான கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். தொப்பிக் கடையில் வேலை செய்கிற இளம்பெண் சோஃபியை ஒரு சூனியக்காரி தொண்ணூறு வயதுக் கிழவியாக மாற்றிவிடுகிறாள். இந்தச் சாபத்தைப் பற்றி வெளியே சொல்லவும் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பும் சோஃபி, மலைக்காட்டில் தானாக நகர்ந்து திரிகிற ஒரு கோட்டைக்குள் போய்ச் சேர்கிறாள். அது ஹவுல் என்ற மந்திரவாதியுடையது. அடுப்பில் எரிகிற கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதம்தான் அந்தக் கோட்டையை நகர்த்துகிறது. எனக்கும் ஹவுலுக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தை நீ முறித்தால் உன் சாபத்தை நான் எடுத்துவிடுகிறேன் என்று கால்சிஃபர் பேரம் பேசுகிறது. சோஃபி வேலைக்காரக் கிழவி என்று சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறாள்.

இதற்கு மேல் இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன. முதல் பிரிவே சாபத்தில்தான். சூனியக்காரி எதற்காக சோஃபியைத் தேடி வந்தாள்?

நாவலின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பே சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள் என்பதுதான். கடையின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து தொப்பிக்கு ரிப்பன் வைத்துத் தைக்கும்போது, பேச ஆள் இல்லாமல் அவள் தொப்பிகளிடம் பேசுகிறாள். பார்க்கப் பாவமாக இருக்கும் ஒரு மடிப்பு வைத்த தொப்பியிடம், உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டுபிடித்து உன்மேல் ஆசைப்படுவார் என்கிறாள். அதை வாங்கிப் போட்டுக்கொண்ட சாதாரணப் பெண் கொஞ்ச நாளில் ஒரு பிரபுவோடு ஓடிப்போகிறாள். ஊரில் தொப்பிகளுக்குப் பேர் பரவுகிறது, வியாபாரம் கூடுகிறது. தன் பேச்சுக்கு உயிர் கொடுக்கிற சக்தி இருப்பது சோஃபிக்கு மட்டும் தெரியாது. சூனியக்காரி கடைக்கு வருவது அந்தத் தொப்பிகளால்தான். தனக்குப் போட்டியாக ஒருத்தி கிளம்பிவிட்டாள் என்று நினைத்துத்தான் சாபம் போடுகிறாள்.

படத்தில் அப்படி இல்லை. தெருவில் சிப்பாய்களிடம் சிக்கிய சோஃபியை ஹவுல் காப்பாற்றி, கையைப் பிடித்துக் கூரைகளுக்கு மேலே காற்றில் நடத்திக் கூட்டிப் போகிறான். ஹவுலின் இதயத்துக்காக அலைகிற சூனியக்காரிக்கு அது தெரிந்துவிடுகிறது. அன்று இரவே கடைக்கு வந்து சாபம் போடுகிறாள். காட்சியாகப் பார்த்தால் அந்த ஆகாய நடையை மிஞ்ச ஆளில்லை, மாலை வட்டத்துப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஆனால் நாவலில் ஒரு பெண்ணுடைய சொந்தத் திறமை கொண்டுவந்த ஆபத்து, படத்தில் ஓர் ஆண் அவளைத் திரும்பிப் பார்த்ததால் வந்த ஆபத்தாக மாறிவிடுகிறது. எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. நாவல் முழுக்க அந்தப் பேச்சின் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. வேலியில் சாய்ந்து கிடந்த சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்திவைத்து நாலு வார்த்தை பேசுகிறாள், அது உயிர் பெற்றுத் துரத்திக்கொண்டு வருகிறது. கைத்தடியோடு பேசிப் பேசி அது மந்திரக்கோல் ஆகிவிடுகிறது. ஹவுலின் கிழிந்த உடுப்பைத் தைத்துக்கொண்டே, பெண்களை இழுக்கவே தைத்தது போல இருக்கிறாய் என்று திட்டுகிறாள், அதுவும் பலிக்கிறது. கடைசியில் கால்சிஃபர் சாகாமல் ஒப்பந்தம் முறிவதும் அந்தப் பேச்சால்தான். இத்தனையும் படத்தில் அனேகமாகக் காணோம்.

காலை வட்டத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் வீட்டில் சித்திரைத் திருவிழாவுக்காக, அழகர் வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடை தைக்கிறார்கள். முன்பு புதுமண்டபத்துக்குள் கடை, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை, இந்த முதல் அத்தியாயத்தில் திறந்தாள். பங்குனி முழுக்கத் தன் பாட்டி வெல்வெட்டில் ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டே துணியைத் திட்டுவதையும் கொஞ்சுவதையும் சொன்னாள். சோஃபி தைக்கிற விதத்தில் எது சரி, எது கதைக்காகச் சொன்னது என்றும் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் தொப்பியை மந்திரப் பொருளாகப் பார்த்தார்கள், அவள் அதை வேலையாகப் பார்த்தாள். ஜோன்ஸ் எழுதியதும் வேலையைத்தான். மந்திரம் அந்த வேலைக்குள்ளிருந்து வருகிறது. படத்திலும் சோஃபி கடையில் தைத்துக்கொண்டுதான் அறிமுகம் ஆகிறாள், ஆனால் வாய் பேசுவதில்லை.

இன்னொன்று, மூத்த பிள்ளை விஷயம். மந்திரக் கதைகளில் வருகிற பொருளெல்லாம் நிஜமாகவே இருக்கிற இங்கரி என்ற நாட்டில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறப்பது துரதிர்ஷ்டம் என்று தொடங்குகிறது நாவல். கதைகளில் ஜெயிப்பது எப்போதும் கடைக்குட்டிதானே. ஏழு இளவரசர்களில் கடைசி இளவரசன்தான் கனியைக் கொண்டுவருவான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோஃபி இதை முழுசாக நம்புகிறாள். அப்பா இறந்து கடன் மட்டும் மிஞ்சியபோது தங்கைகள் லெட்டியும் மார்த்தாவும் வேலை கற்க வெளியே அனுப்பப்படுகிறார்கள், மூத்தவள் கடையோடு இருந்துவிடுகிறாள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை, நமக்கு இவ்வளவுதான் என்று அவளே உட்கார்ந்துவிடுகிறாள். தங்கைகளோ தங்களுக்கு ஒதுக்கிய இடம் பிடிக்காமல், மந்திரத்தால் முகத்தை மாற்றிக்கொண்டு இடம் மாறிப் போய்விடுகிறார்கள். படத்தில் ஒரே தங்கைதான், இந்த இடமாற்றமும் இல்லை. நம் ஊரில் மூத்த மகள்கள் எத்தனை பேர், தம்பி படிக்கட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும் என்று இருந்தவர்கள்! பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்களில் சிலர் முதல் இரண்டு அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனதற்குக் காரணம் இந்தப் பகுதிதான்.

அப்புறம் முதுமை. இதில் இரண்டு படைப்பும் தங்கள் உச்சத்தைத் தொடுகின்றன, முற்றிலும் வேறு வேறு வழியில்.

நாவலில் கண்ணாடியில் தன் கிழமுகத்தைப் பார்க்கும் சோஃபி அலறவில்லை. பரவாயில்லை, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாய், உள்ளே நீ இருந்ததற்கு இதுதான் பொருத்தம் என்கிற மாதிரி தன்னிடமே பேசுகிறாள். கிழவி ஆனதும் வாய் திறந்துவிடுகிறது. மந்திரவாதியை அதட்டுகிறாள், பூதத்தை மிரட்டிச் சமைக்க வைக்கிறாள், யாரையும் கேட்காமல் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறாள். ஔவையார் இளமையிலேயே பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்ற கதை நமக்குத் தெரியும். கல்யாணக் கட்டிலிருந்து விலகி ஊர் ஊராகப் போகவும், அரசன் முன்னால் நிமிர்ந்து பேசவும் அந்த நரைதான் துணையாக இருந்தது. ஔவை கேட்டு வாங்கியது சோஃபிக்குச் சாபமாக வந்தது, ஆனால் பயன் ஒன்றுதான். ஜோன்ஸ் இதில் இன்னும் ஓர் அடி போகிறார். தான் ரகசியமாகப் பல தடவை சாபத்தை எடுக்க முயன்றும் முடியவில்லை, மாறுவேடத்தில் இருப்பது உனக்கே பிடித்திருக்கிறது போல என்று ஹவுல் ஓரிடத்தில் சோஃபியிடம் சொல்கிறான். அப்படியென்றால் அவ்வளவு நாளும் சாபத்தைப் பிடித்து வைத்திருந்தவள் அவளேதான். காலை வட்டத்தில் இந்த இடத்தைப் படித்ததும் ஒரு பையன் பழைய பக்கங்களைப் புரட்டி, எந்த இடத்திலிருந்து என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

படம் இதை வசனமாகச் சொல்வதில்லை, வரைந்து காட்டுகிறது. மியாசாகியின் சோஃபிக்கு வயது நிலையாக நிற்பதில்லை. தூங்கும்போது இளம்பெண்ணாக இருக்கிறாள். அரண்மனையில் அரசனின் மந்திரவாதியான சுலிமான் அம்மையார் முன்னால் ஹவுலுக்காகப் பரிந்து பேசும்போது முகச்சுருக்கம் போய், முதுகு நிமிர்ந்து, குரல் இளமையாகிறது. பேச்சு முடிந்ததும் திரும்பக் கிழவி. பூக்காட்டில் ஹவுல் பக்கத்தில் நிற்கும்போது இளமை, தனக்கு அழகும் இல்லை, துடைத்துப் பெருக்கத்தான் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்ததும் மறுபடி நரை. திருவிளையாடற் புராணத்தில் விருத்த குமார பாலரான படலம் இருக்கிறது: கௌரி என்ற பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சோமசுந்தரர் கிழவராக வந்து சாப்பிட்டு, இளைஞராகி, கடைசியில் குழந்தையாகக் கிடக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆள் வயது மாறி மாறி நிற்பது குழப்பவே இல்லை. குழம்பியது பெரியவர்கள்தான். ஜப்பானிய ஒலியில் இளம் சோஃபிக்கும் கிழ சோஃபிக்கும் சியேகோ பாய்ஷோ என்ற ஒரே நடிகை குரல் கொடுத்திருக்கிறார். ஆங்கில ஒலியில் இரண்டு பேர்: எமிலி மோர்ட்டிமர், ஜீன் சிம்மன்ஸ். சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடிகிற பிள்ளை என்றால் ஜப்பானிய ஒலியிலேயே காட்டுங்கள். இரண்டு வயதும் ஒரே ஆள் என்பது காதிலேயே புரிந்துவிடும்.

படம் நாவலை விட்டு வெகுதூரம் மேலே போகிற இடங்களும் உண்டு. முதலாவது, கோட்டையே. நாவலில் அது கறுப்பாக, உயரமாக, மெல்லிய கோபுரங்களோடு புகை விட்டுக்கொண்டு நகரும் கட்டடம். மியாசாகி அதற்குக் கோழிக்கால் மாதிரி இரும்புக் கால்கள் வைத்து, தகரமும் குழாயும் புகைபோக்கியும் ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் மூச்சு விட்டு நடக்கவிட்டார். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் வேறு கோட்டையை மனம் ஏற்காது. நான் நாவலை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காலை வட்டத்தில் மூன்றாவது அத்தியாயம் முடிந்ததும் கோட்டையை வரையச் சொன்னோம். ஒருவன் தேர்ச் சக்கரம் வைத்து, வடம் இல்லாமல் வரைந்தான். இன்னொருத்தி யானைமலையையே நகர வைத்தாள். படத்தை முதலில் பார்த்த மாலை வட்டத்தில் அத்தனை பேரும் கால் வைத்துத்தான் வரைந்தார்கள்.

இரண்டாவது, படிக்கட்டு. அரசன் அழைப்பின் பேரில் கிழவியான சோஃபியும், அவளைச் சபித்த சூனியக்காரியும் ஒரே நேரத்தில் அரண்மனை வாசலுக்கு வருகிறார்கள். உள்ளே மந்திரம் செல்லாது, நடந்துதான் ஏற வேண்டும். சூனியக்காரியின் பெரிய உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது, கன்னம் தொங்குகிறது, படிக்குப் படி மூச்சு வாங்குகிறது. சோஃபி முதுகு வளைந்து ஏறுகிறாள், அதிலும் ஹீன் என்ற குட்டை நாயைத் தூக்கிக்கொண்டு. ஏறிக்கொண்டே இருவரும் பேச்சுக் கொடுத்துக்கொள்கிறார்கள். வயதான அம்மாவோடு அழகர்கோயில் மலைப்பாதையில் நடந்து போனவர்களுக்கு அந்த ஒவ்வொரு படியும் தெரியும். நாவலில் இந்தக் காட்சி இல்லை. உடம்பின் பாரத்தை இவ்வளவு மரியாதையோடு வரைந்த படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

மூன்றாவது, அந்தச் சூனியக்காரிக்கு நடப்பது. நாவலில் அவள் கடைசிவரை எதிரி, ஹவுலோடு நடக்கும் சண்டையில் அழிகிறாள். படத்தில் சக்தி பறிக்கப்பட்டு, நினைவும் தடுமாறும் பாட்டியாகிறாள். சோஃபி அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து ஊட்டிவிடுகிறாள். தன்னைச் சபித்தவளுக்கே! கடைசியில் அந்தப் பாட்டிதான் பேராசையில் ஹவுலின் இதயத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆபத்தை வரவழைக்கிறாள், அப்போதும் சோஃபி அவளிடம் கெஞ்சிக் கேட்டுத்தான் வாங்குகிறாள். வீட்டில் நினைவு மங்கிய தாத்தா பாட்டி இருக்கிற பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் படம் நாவலைவிட ஈரமானது என்று தயங்காமல் சொல்வேன்.

படத்துக்கு ஜோ ஹிசைஷி அமைத்த வால்ட்ஸ் இசை பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

போர் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நாவலில் போர் பேச்சளவில்தான் இருக்கிறது. படத்தில் வானம் முழுக்கக் குண்டுவீச்சு விமானங்கள், எரிகிற ஊர்கள், இரவில் பறவையாக மாறி அதற்குள் பறந்து, ரத்தத்தோடு திரும்புகிற ஹவுல். 2003இல் ஈராக் போர் தொடங்கியது, மியாசாகி அதை வெளிப்படையாக எதிர்த்தவர், அந்தக் கோபம் இந்தப் படத்தில் இருக்கிறது. 1941இல் பிறந்து, சின்ன வயதில் குண்டுவீச்சுக்கு நடுவே வீட்டாரோடு தப்பியவர் அவர். ஜோன்ஸும் 1934இல் பிறந்து, போர் தொடங்கியதும் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட குழந்தைதான். ஒரே போரைக் குழந்தைகளாகக் கண்ட இருவரில் ஒருவர் அதைத் திரை முழுக்க வரைந்தார், இன்னொருவர் வீட்டுக்குள் நடக்கிற சண்டைகளைப் பற்றி எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊர் எரியும் காட்சியில் மாலை வட்டத்தின் குட்டிகள் சிலர் அமைதியாகிவிட்டார்கள். பயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசக் காத்திருந்தார்கள்.

போருக்கு இடம் கொடுக்கப் படம் எதையெல்லாம் விட்டது என்று பார்த்தால், எனக்கு மனம் ஆறாதது வேல்ஸ்தான். கோட்டைக் கதவில் நாலு நிறத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. திருப்புகிற நிறத்துக்கு ஒரு ஊர். கறுப்பு நிறத்தில் திருப்பினால் என்ன என்பது நாவலில் பத்து அத்தியாயம் வரை தெரியாது. பதினோராவது அத்தியாயத்தில் கதவு திறந்தால் நம் உலகம், வேல்ஸ் நாடு, கார், டிவி! பெரிய மந்திரவாதி ஹவுலின் நிஜப் பெயர் ஹவல் ஜென்கின்ஸ். படித்துவிட்டு உருப்படியாக வேலை தேடவில்லை என்று அக்கா மேகன் வாசலிலேயே வறுத்தெடுக்கிறாள். அக்கா மகன் நீலின் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு, அதில் நாலு வாசல் உள்ள மாயக் கோட்டை. காலை வட்டத்தில் இந்த இடத்தில் எழுந்த கூச்சலை அடக்க முடியவில்லை. ஊரையே நடுங்கவைக்கிறவன் அக்காவிடம் தலைகுனிந்து நிற்கிறான் என்பது பிள்ளைகளுக்கு எந்த மந்திரத்தைவிடவும் பெரிய விஷயமாக இருந்தது. படத்தில் கறுப்புக் கதவுக்கு அப்பால் போரும், ஹவுலின் சிறுவயதும்தான். ஏரிக்கரையில் எரிநட்சத்திரங்கள் விழுந்து சின்ன உருவங்களாக நீர்மேல் ஓடி அணைய, சிறுவன் ஹவுல் ஒன்றைக் கையில் ஏந்தி விழுங்கும் அந்தக் காட்சி அழகுதான். இருந்தாலும் அக்காவை இழந்துவிட்டோம்.

வேல்ஸோடு சேர்ந்து ஒரு கவிதையும் போய்விட்டது. ஜான் டன் என்ற ஆங்கிலக் கவிஞரின், விழும் நட்சத்திரத்தைப் பிடித்து வா என்று தொடங்கும் பாட்டு, 1633இல் அச்சானது. நாவலில் அதுதான் ஹவுல் மேல் போடப்பட்ட சாபம். நடக்கவே நடக்காது என்று கவிஞர் அடுக்கிய காரியங்கள் ஒவ்வொன்றாக நடந்துவிடுகின்றன. அதில் பத்தாயிரம் பகலும் இரவும் என்று ஒரு வரி. ஹவுலுக்குப் பத்தாயிரம் நாள் நிறையும் தேதிதான் கெடு. பிள்ளைகள் உடனே வகுத்துப் பார்த்து இருபத்தேழு வயது சொச்சம் என்றார்கள். அடுத்து எந்த வரி பலிக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனார்கள். துப்புத் துலக்குகிற இந்தச் சுகம் படத்தில் கிடைக்காது, முடிவு தெரிந்தபிறகு நாவலிலும் பாதிதான் மிஞ்சும்.

ஹவுலைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் ஹவுலைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள், மயங்கத்தக்கவன்தான். நாவலின் ஹவுல் தற்பெருமைக்காரன், கோழை, ஒரு பெண் தன்மேல் ஆசைப்பட்டதும் அடுத்தவளைத் தேடிப் போகிறவன். தலைமுடிச் சாயம் கெட்டதற்குப் பச்சைச் சளியாக வழிந்து வீட்டையே நாறடிக்கும் கூத்து இரண்டிலும் உண்டு. படத்தில் அது அவனுடைய வேதனையாகிறது. நாவலில் சோஃபி அதைக் கழுவிவிட வேண்டிய தொல்லையாகவே இருக்கிறது. பயந்தாங்கொள்ளியான தான், செய்யப்போவதில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டால்தான் எதையும் செய்ய முடியும் என்று ஒப்புக்கொள்கிற அந்த ஹவுல்தான் எனக்கு நெருக்கம்.

முடிவு இரண்டிலும் சிக்கல்தான். படத்தில் சோளக்கொல்லைப் பொம்மை ஒரு முத்தத்தில் பக்கத்து நாட்டு இளவரசனாகிறான், இந்த முட்டாள் போரை நிறுத்துவோம் என்று சுலிமான் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அவ்வளவு பெரிய போருக்கு இவ்வளவு சுலபமான முடிவா என்று பிள்ளைகளே கேட்டார்கள். நாவலின் கடைசி இரண்டு அத்தியாயத்தில் ஆட்கள் மேல் ஆட்கள் வந்து குவிகிறார்கள். ஆசிரியை போல வந்து போன மிஸ் அங்கோரியன்தான் சூனியக்காரியின் நெருப்புப் பூதம், காணாமல் போன இரண்டு பேரின் உறுப்புகளைக் கோத்து ஒரு புதிய மனிதனைச் செய்யப் பார்த்தார்கள் என்பதெல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. இரண்டு தடவை படித்தால்தான் பிடிபடும். ஆனால் படித்தால் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே விதை போட்டிருப்பது தெரியும். படத்துக்கு அந்த விதைகள் இல்லை.

எப்படிச் செய்யலாம்? நாவலில் 21 அத்தியாயம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரம், மே மாத வெயிலில் வெளியே விட முடியாத மத்தியானங்களுக்குச் சரியாக இருக்கும். முதல் மூன்று அத்தியாயத்தைப் பெரியவர் யாராவது வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், வேகம் பிடிப்பது அதற்குப் பிறகுதான். பதினோராவது அத்தியாயத்தை மட்டும் எல்லோரும் கூடியிருக்கும்போது படியுங்கள், அந்த ஆச்சரியத்தைத் தனியாக வீணடிக்க வேண்டாம். முழுசாக முடித்த பிறகே படம். நடுவில் காட்டினால் மீதி அத்தியாயங்களைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும். ஜிப்லி படங்கள் 2020இலிருந்து நெட்ஃபிளிக்ஸில் இங்கே பார்க்கக் கிடைக்கின்றன.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கும், ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தாலே சோர்ந்துபோகிற பிள்ளைக்கும் படத்தையே முதலில் காட்டுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. மாலை வட்டத்தில் சிலர் அதற்குப் பிறகு நாவலுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு உதவியது ஒரே ஒரு தந்திரம்தான்: படத்தில் வராத அக்கா மேகனைப் பற்றியும் ஒரு தங்கை மார்த்தாவைப் பற்றியும் மட்டும் சொல்லி, இவர்கள் எங்கே போனார்கள் என்று தேடச் சொன்னோம். படத்தில் இருப்பதைப் புத்தகத்திலும் தேடு என்றால் இரண்டாம் பக்கத்திலேயே அலுத்துவிடும்.

ஆசை இன்னும் அடங்காத பிள்ளைக்கு, ஜோன்ஸ் 1990இல் எழுதிய ‘காசில் இன் தி ஏர்’ இருக்கிறது. பாலைவன நகரத்துக் கம்பள வியாபாரி அப்துல்லாவின் கதையாகத் தொடங்கும், சோஃபி வந்து சேரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எங்கள் காலை வட்டம் இந்த விடுமுறைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறது.